1967–68 கமாரோவின் மன்சி கியர்பாக்ஸுக்கு ஹர்ஸ்ட் ஷிஃப்டர் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி என்ற ஊரில் 1963 முதல் 1974 வரை தயாரான நாலு கியர் பெட்டி, தன் காலத்தின் மிக நல்ல பெட்டிகளில் ஒன்று. அலுமினியக் கூடு, முன்னோக்கிச் செல்லும் நாலு கியருக்கும் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் வளையம்). ஆனால் 1967, 68 மாடல் செவர்லே கமாரோவில் இந்தப் பெட்டியை ஓட்டுகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: கியர் விழும் இடம் தெரியவில்லை, ஸ்டிக் லொடலொடக்கிறது, வேகமாக மாற்றினால் சிக்கிக்கொள்கிறது.

பெட்டி நன்றாக இருந்தும் இப்படி ஆகிறது. காரணம், அந்த இரண்டு வருட மாடல்களிலும் கம்பெனி ஷிஃப்டர் (ஸ்டிக்கைத் தாங்கி, அதன் அசைவை ராடுகள் வழியாகப் பெட்டிக்குக் கொண்டுபோகும் அமைப்பு) கியர்பாக்ஸின் மேல் உட்காரவில்லை. வண்டியின் உடலோடு சேர்ந்த குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்களின் மேல் நிற்பவை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன, ஷிஃப்டர் மட்டும் அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கும் ராடுகள் யாரும் இழுக்காமலே இழுபடுகின்றன. கியர் மாற்ற வேண்டிய அந்தக் கணத்தில்தான் இந்த இழுப்பு மிக அதிகம்.

ஹர்ஸ்ட் கம்பெனியின் காம்பெடிஷன் பிளஸ் ஷிஃப்டரின் பலம், அது ஒரு இரும்புத் தட்டின் வழியாக கியர்பாக்ஸின் பின்பக்கக் கூடான டெயில் ஹவுசிங்கிலேயே பிடிபடுகிறது என்பதுதான். பெட்டி அசைந்தால் ஷிஃப்டரும் கூடவே அசைகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறுவதில்லை. போண்டியாக் கம்பெனி தன் 1964 ஜிடிஓ காரிலேயே ஹர்ஸ்டைப் பயன்படுத்தியது. கமாரோவுக்கு 1969 மாடலில்தான் கம்பெனியே ஹர்ஸ்டைக் கொடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு மாடல்களில் இந்த வேலையை நாம் செய்துகொள்ள வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு முழு நாள் போதும்.

வாங்குவதற்கு முன்: உங்களிடம் இருப்பது மன்சிதானா?

ஷிஃப்டர் ஒன்றாக இருந்தாலும், அதைப் பொருத்தும் கிட் வண்டிக்கு வண்டி, பெட்டிக்குப் பெட்டி வேறு. தட்டு, ராடு, ராட்டை வாங்கிக்கொள்ளும் கியர்பாக்ஸ் நெம்புகோலான ஆர்ம் மூன்றும் கிட்டில் வருபவை. ராட்டின் வளைவு தவறினால் என்ன அட்ஜஸ்ட் செய்தாலும் சரிவராது. ஆகவே முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் இடது பக்கத்தைப் பாருங்கள்.

அலுமினியக் கூடு, சைடு கவரில் 7 போல்ட், கவரில் இரண்டு ஆர்ம், மூன்றாவதான ரிவர்ஸ் ஆர்ம் பின்னால் டெயில் ஹவுசிங்கில் தனியாக இருந்தால் அது மன்சி. வார்ப்பிரும்புக் கூடாக இருந்து மூன்று ஆர்மும் சைடு கவரிலேயே இருந்தால் அது சாகினா. சிறிய எஞ்சின் கமாரோக்களில் அதுதான் வந்தது. கவரில் 9 போல்ட் இருந்து ரிவர்ஸ் மட்டும் பின்னால் இருந்தால், யாரோ பிற்காலத்தில் சூப்பர் டி-10 பெட்டி மாற்றியிருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் எந்தப் பெட்டியும் இருக்கலாம். பதிவுப் புத்தகத்தை நம்பாதீர்கள், போல்ட்டை எண்ணுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். 1968 வரையிலான மன்சியில் சைடு கவர் ஷாஃப்ட்டின் முனையில் ஸ்டட் நீண்டிருக்கும். ஆர்மை நட் பிடிக்கும். 1969 முதல் ஷாஃப்ட்டுக்குள் போல்ட் இறங்கும். ஒன்றுக்கான ஆர்ம் மற்றதில் சரியாக உட்காராது. துளையை அரம் போட்டுப் பெரிதாக்கி மாட்டினால் ஆர்ம் ஷாஃப்ட்டின் மேலேயே ஆடும். புது ஷிஃப்டரின் துல்லியம் அங்கேயே போய்விடும்.

ஸ்டிக்கும் தனியாக வாங்க வேண்டியது. நடுவில் கன்சோல் உள்ள வண்டிக்கு ஒரு வளைவு, இல்லாததற்கு வேறு வளைவு. குமிழின் மரை 3/8 இஞ்ச், இஞ்சுக்கு 16 புரி.

ராடு முனை கோர்க்கும் துளையில் போடும் சிறு வளையமான புஷ் விஷயத்தில் இரண்டு கருத்து உண்டு. நைலான் புஷ் சத்தத்தை விழுங்கும், ஆனால் தேயும். ஸ்டீல் புஷ் தேயாது, கியர் விழுவது கையில் சுத்தமாகத் தெரியும், கூடவே பெட்டியின் முனகலும் ஸ்டிக் வழியாக ஏறி வரும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு நைலானே போதும். ஆனால் எஞ்சின் புகையைக் கொண்டுபோகும் ஹெடர் குழாய் ராடுகளை ஒட்டிப் போகிற வண்டியில் நைலான் சூட்டில் இளகும். அங்கே ஸ்டீல் போடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஜாக் ஸ்டாண்டு நாலு. அடியில் மல்லாந்து படுத்துக் கையை முழுதாக நீட்ட இடம் கிடைக்கும் உயரத்துக்கு வண்டி ஏற வேண்டும். தனியாக ஒரு ஜாக்கும் மரக்கட்டையும் கியர்பாக்ஸைத் தாங்க. ஸ்பானர் செட் இஞ்ச் அளவில்: 7/16, 1/2, 9/16, 5/8. மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அரை இஞ்ச் நட் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 போட்டால் மூலை உருண்டுவிடும். டார்க் ரெஞ்ச், நீல நிற மரைப் பசை, கொஞ்சம் லித்தியம் கிரீஸ், புதிய சைடு கவர் கேஸ்கெட், புதிய ஆர்ம் சீல்கள், ஒன்றரை லிட்டர் கியர் ஆயில்.

ஆயில் ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90. ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதில் இருக்கும் கூடுதல் ரசாயனங்கள் இந்தப் பெட்டியின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

முதல் வேலை: பெட்டியைச் சோதிப்பது

பலரும் தாண்டிப்போகும் கட்டம் இது. தேய்ந்த பெட்டியின் மேல் புது ஷிஃப்டரைப் பூட்டி, "அப்போதும் இப்படித்தான் இருக்கிறது" என்று வருந்துவதன் காரணமும் இதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நாலு ஸ்டாண்டின் மேல் ஏற்றி, பின் சக்கரங்கள் காற்றில் நிற்கும்படி வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பழைய ராடுகள் மூன்றையும் கியர்பாக்ஸ் ஆர்ம்களிலிருந்து விடுவியுங்கள். இப்போது ஆர்ம்களைக் கையால் நகர்த்திப் பாருங்கள். சைடு கவரில் இருக்கும் ஒவ்வொரு ஆர்முக்கும் மூன்று நிலை: முன், நடு, பின். நடு நிலை நியூட்ரல். முன்னால் இருக்கும் ஆர்ம் 3-4 கியருக்கு, பின்னால் இருப்பது 1-2 கியருக்கு. ஒவ்வொரு நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் பிடித்து "டக்" என்று நிற்பது விரலில் தெரிய வேண்டும். டெயில் ஹவுசிங்கில் இருக்கும் ரிவர்ஸ் ஆர்முக்கு இரண்டே நிலை.

அந்த "டக்" மங்கலாக இருந்தாலோ, ஆர்ம் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நின்றாலோ, சைடு கவருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கோ கேமோ, கியரை நகர்த்தும் கவையான ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. ஆர்மைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் கவரின் துளையிலேயே ஆடினால் கவரை மாற்றுவதோ புஷ் அடிப்பதோதான் வழி. இவற்றை ஷிஃப்டர் சரிசெய்யாது.

மூன்று ஆர்மையும் நியூட்ரலில் விட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இதுதான் உங்கள் உண்மையான நியூட்ரல். ஒவ்வொரு ஆர்மும் இப்போது நிற்கும் இடத்தை அதன் பக்கத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகம் வரும்போது உதவும்.

கிளட்ச் பெடலையும் பாருங்கள். பெடலின் வெற்று ஆட்டம் ஏறக்குறைய 1 இஞ்ச் இருக்க வேண்டும். கிளட்ச் முழுதாக விடுபடாத வண்டியில் எந்த ஷிஃப்டரும் முரண்டு பிடிக்கும்.

எஞ்சின் மவுண்டும் இந்தச் சோதனையில் சேர்ந்ததே. அந்தக் கால செவர்லேக்களின் ரப்பர் மவுண்ட் பிரிந்து எஞ்சின் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் குறைக்காக, ஜெனரல் மோட்டார்ஸ் 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்தப் பட்டியலில் கமாரோவும் உண்டு. ரப்பர் பிரிந்திருந்தால் ஷிஃப்டருக்கு முன் அதை மாற்றுங்கள்.

பழையதைக் கழற்றுதல்

உள்ளே குமிழ், ஸ்டிக்கைச் சுற்றிய உறையான பூட், கன்சோல் தட்டு ஆகியவற்றை எடுத்துவிட்டு, கீழேயிருந்து பழைய ஷிஃப்டரையும் கிராஸ் மெம்பரில் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் கழற்றுங்கள். ரிவர்ஸ் விளக்கின் ஸ்விட்ச் பழைய லிங்கேஜோடு வந்துவிடும்; அதன் கம்பிகளுக்கு அடையாளம் கட்டி வையுங்கள். ஹர்ஸ்டுக்கான ஸ்விட்ச் பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அசல் நிலையில் இருக்கும் கமாரோவைத் தேடுகிறவருக்கு அந்த ஷிஃப்டர் பெரிய பொருள்.

தட்டைப் பூட்ட இடம் போதவில்லை என்றால், பெட்டியை ஜாக்கில் தாங்கி, கிராஸ் மெம்பரை விடுவித்து, டெயில் பக்கத்தை 2 இஞ்ச் வரை இறக்கலாம். அதற்கு முன் பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். செவர்லே வி8 எஞ்சினில் அது பின்கோடியில், ஃபயர்வாலுக்கு மிக அருகில் நிற்கிறது. பின்பக்கம் இறங்க இறங்க அதன் மூடி சுவரில் போய் மோதி உடையும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு இறக்குவது நல்லது. முன்னால் ஃபேன் அதன் கூட்டில் உரசுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஆர்மும் தட்டும்

சைடு கவரைத் திறப்பதாக இருந்தால் இதுதான் நேரம். ஆயிலை வடித்துவிட்டு, மன்சியை இரண்டாவது கியரில் வைத்தே கவரைக் கழற்றி, கேஸ்கெட்டையும் சீல்களையும் மாற்றுங்கள். திருப்பி மாட்டும்போது உள்ளே ஃபோர்க்குகள் சிங்க்ரோ ஸ்லீவின் பள்ளத்தில் உட்கார்ந்ததை உறுதிசெய்துவிட்டுத்தான் கவரை அழுத்த வேண்டும். போல்ட்களை மாறி மாறி, 15 முதல் 20 அடி-பவுண்டு, அதாவது 20 முதல் 27 நியூட்டன் மீட்டர் அளவுக்குள் இறுக்குங்கள். அலுமினிய மரை, இதற்கு மேல் போனால் மரை உரிந்து வரும்.

கம்பெனி ஆர்ம்களைக் கழற்றி, கிட்டில் வந்த ஹர்ஸ்ட் ஆர்ம்களை மாட்டுங்கள். பழைய ஆர்மிலேயே புது ராட்டைக் கோர்க்கக் கூடாது. ஆர்மின் நீளமும் துளையின் இடமும் வேறு என்பதால், ஷிஃப்டர் தன் முழு ஓட்டத்தை ஓடியும் கியர் பாதியில் நிற்கும். எந்த ஆர்ம் மேல்நோக்கி, எது கீழ்நோக்கி என்பது கிட்டின் படத்தில் இருக்கும். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வண்டிக்கு அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். நட்டை இறுக்கும்போது இன்னொரு கையால் ஆர்மைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானரின் விசை முழுவதும் உள்ளே ஃபோர்க்கில் போய்ச் சேரும். சுமார் 20 அடி-பவுண்டு, 27 நியூட்டன் மீட்டர் போதும்.

அடுத்து தட்டு. டெயில் ஹவுசிங்கின் துளைகளில் ஐம்பது வருட அழுக்கும் எண்ணெயும் இருக்கும். மரையைச் சுத்தம் செய்து, போல்ட்டைக் கையாலேயே முழுதாக இறக்கிப் பாருங்கள். தரை தட்டி நிற்கும் நீளமான போல்ட், இறுகியதுபோலக் காட்டிவிட்டுத் தட்டைத் தளர்வாக விட்டுவிடும். தட்டும் ஹவுசிங்கும் சேரும் முகத்தில் பெயின்ட், துரு எதுவும் இருக்கக் கூடாது. நீல மரைப் பசை ஒரு துளி வைத்து 25 அடி-பவுண்டு, 34 நியூட்டன் மீட்டர். பிறகு ஷிஃப்டரைத் தட்டில் பூட்டுங்கள். பிடித்து உலுக்கினால் ஷிஃப்டரும் கியர்பாக்ஸும் ஒரே துண்டாக அசைய வேண்டும்.

நியூட்ரல் பின்: வேலையின் இதயம்

ஹர்ஸ்ட் ஷிஃப்டரோடு கால் இஞ்ச் குறுக்களவில் ஒரு கம்பி வரும். தொலைந்திருந்தால் கால் இஞ்ச் டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதி போதும். ஷிஃப்டரின் உடலில் ஒரு துளை இருக்கிறது. உள்ளே இருக்கும் மூன்று லிவர்களும் நியூட்ரலில் வரிசையாக நின்றால் மட்டுமே அந்தக் கம்பி குறுக்கே முழுதாகப் போகும். ஸ்டிக்கை நியூட்ரலில் வைத்து, கம்பியைச் செருகி, அப்படியே விடுங்கள். ஷிஃப்டர் இப்போது பூட்டப்பட்டுவிட்டது.

கியர்பாக்ஸ் ஆர்ம் மூன்றும் சாக்பீஸ் குறிகளில், அதாவது நியூட்ரலில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இப்போது ஒவ்வொரு ராட்டாக மாட்டலாம். ராட்டின் ஒரு முனையில் மரையும், அதில் திருகி ஏறும் பட்டனும் உண்டு. பட்டனைத் திருகித் திருகி, அது புஷ்ஷின் துளைக்குள் தானாக வழுக்கி இறங்கும் நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விரல் நுனியால் தள்ளினால் போக வேண்டும், விரலால் இழுத்தால் வர வேண்டும். ஆர்மைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போய்விடும் என்ற நிலையில் நிறுத்தாதீர்கள். அந்தக் கொஞ்சம்தான் பிறகு கியர் நழுவுவதற்குக் காரணமாகிறது: ராடு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தால், ஒரு பக்கக் கியரில் ஆர்ம் தன் பள்ளத்தை முழுதாக எட்டாது, பாதி கடித்த பல்லோடு வண்டி ஓடும், இறக்கத்தில் காலை எடுத்ததும் ஸ்டிக் தானே நியூட்ரலுக்குத் துள்ளும்.

வரிசை: முதலில் 3-4 ராடு, பிறகு 1-2, கடைசியாக ரிவர்ஸ். ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு கம்பியை உருவி, மறுபடி செருகிப் பாருங்கள். முன்பு வழுக்கிய கம்பி இப்போது பிடித்தால், கடைசியாக மாட்டிய ராட்டில்தான் தவறு. மூன்றையும் மாட்டிவிட்டுத் தேடினால் எது என்று தெரியாமல் அரை நாள் போகும். சரியானதும் புஷ்ஷில் மெல்லிய கிரீஸ் தடவி, ஸ்பிரிங் கிளிப்பை மாட்டுங்கள். கிட்டில் லாக் நட் இருந்தால் அதை இறுக்குங்கள். கிளிப் எப்போதும் புதியதே. ஒரு முறை விரிந்தது நம்பத்தக்கதல்ல.

கம்பியை எடுத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஹர்ஸ்டில் ரிவர்ஸ் இடது கோடியில், ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளி முன்னால் போகும் இடம். கம்பெனி ஷிஃப்டரில் விரலால் தூக்கிப் பிடிக்கும் பூட்டுக் கைப்பிடி இருந்தது. இதில் அது கிடையாது. ஆகவே முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவிலுள்ள அந்த ஸ்பிரிங்கைக் கை பழகிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கியரிலும் அடியில் படுத்து ராடுகளைப் பாருங்கள். கிராஸ் மெம்பர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், ஹெடர் குழாய் எதிலும் படக் கூடாது. கால் இஞ்சாவது இடைவெளி வேண்டும். நின்ற வண்டியில் தொடாத ராடு, எஞ்சின் முறுக்கும்போது தொடும்.

ஸ்டாப் போல்ட்

ஷிஃப்டரின் முன்னும் பின்னும் இரண்டு ஸ்டாப் போல்ட்கள் உண்டு. இவற்றை அட்ஜஸ்ட் செய்யாமல் விடுகிறவர்கள் அதிகம். செய்யாவிட்டால், நீங்கள் ஸ்டிக்கை வேகமாக அடிக்கும் ஒவ்வொரு அடியும் ராடு வழியாக ஃபோர்க்கில் விழுகிறது. ஃபோர்க் வளையும், முனை தேயும். போல்ட் சரியாக இருந்தால் அடியை ஷிஃப்டரின் இரும்பு உடல் தாங்கிக்கொள்கிறது.

இரண்டையும் சில புரிகள் மட்டும் பிடித்திருக்கும்வரை வெளியே எடுங்கள். ஸ்டிக்கை மூன்றாவது கியருக்கு அழுத்தமாகத் தள்ளி, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் திசைக்கான போல்ட்டை, லிவரில் தொடுவது உணரும்வரை உள்ளே திருகுங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு, போல்ட்டை ஒரு முழுச் சுற்று வெளியே எடுத்து, லாக் நட்டை இறுக்குங்கள். நாலாவது கியருக்கு இழுத்துப் பிடித்து, மற்றப் போல்ட்டுக்கும் இதையே செய்யுங்கள். அந்த ஒரு சுற்று இடைவெளியில் கை வைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கியர் முழுதாக விழுவதற்கு முன்பே ஸ்டிக் நின்றுவிடும்.

ஸ்டிக், பூட், ஆயில்

ஸ்டிக் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அவை தளர்ந்தால் ஷிஃப்டரே லொடலொடப்பதுபோல் தோன்றும். மரைப் பசை கட்டாயம். கன்சோல் தட்டை வைத்து, ஐந்து நிலையிலும் ஸ்டிக் அதன் ஓரத்தில் இடிக்காமல் போகிறதா, இரண்டாவது, நாலாவதில் முழங்கை சீட்டில் மோதாமல் இருக்கிறதா, முதலாவது, மூன்றாவதில் விரல் முட்டி டேஷ்போர்டைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழ் பூட்டை விட்டுவிடாதீர்கள். மேலே தெரியும் அழகான தோல் பூட் அலங்காரத்துக்கு. தரையோடு இறுகப் பிடிக்கும் அடி ரப்பர்தான் சூட்டையும் புகையையும் தடுக்கிறது. வண்டிக்குள் வரும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது.

பெட்டியை உயர்த்தி, கிராஸ் மெம்பரை இறுக்கி, ஆயில் ஊற்றுங்கள். கொள்ளளவு சுமார் 3 பைன்ட், 1.4 லிட்டர். வலது பக்க நிரப்பும் துளையின் விளிம்புவரை வந்தால் போதும்.

ஓட்டிப் பார்க்கும்போது

சக்கரங்கள் காற்றில் இருக்கும்போதே எஞ்சினை ஓடவிட்டு, எல்லாக் கியரையும் ஒரு முறை போட்டுவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். பிறகு கவனிக்க வேண்டியவை சில.

வண்டி முன்னும் பின்னும் நகராமல் அப்படியே பிடித்து நின்றால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. கிளட்சை விட்டு இழுத்துப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கை உதைக்காதீர்கள். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அடியில் போய் கிளிப்களைக் கழற்றி ஆர்ம்களைக் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். நியூட்ரல் பின் கட்டத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஒரு கியர் மட்டும் நழுவினால் அதற்குரிய ராட்டையும், அந்தத் திசை ஸ்டாப் போல்ட்டையும் பாருங்கள். 1-2 ராடு சரியாக இருந்தும் முதல் கியர் நழுவினால் கோளாறு பெட்டிக்குள். ரிவர்ஸ் கறகறத்தால் பெரும்பாலும் ஷிஃப்டரின் குற்றமல்ல. மன்சியின் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்து, ஒரு முறை முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்குப் போங்கள். அப்படியும் கறகறத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. 3000 ஆர்பிஎம் சுற்றில் மட்டும் ஒரு ரீங்காரம் கேட்டால், ஏதோ ஒரு ராடு உலோகத்தை உரசுகிறது. உரசும் இடத்தில் பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருக்கும்.

முதல் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு, பெட்டி ஆறியதும் மறுபடி அடியில் போய், தட்டின் போல்ட், ஸ்டாப் போல்ட் லாக் நட், ஸ்டிக் போல்ட் மூன்றையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். கால் இஞ்ச் கம்பியையும் ஒரு முறை செருகிப் பாருங்கள். புது நைலான் புஷ் கொஞ்சம் அமிழ்ந்திருந்தால், எந்த ராட்டில் பட்டனை ஒரு சுற்று மாற்ற வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும்.